கதிர் வந்தான், மதி வந்தாச்சு

அன்பு மகளுக்கு,

உன் நாவலின் பத்து அத்தியாயங்களையும் படித்து முடித்தேன். ரேஷன் அட்டையில் பாலினக் குறி அச்சிடும் அரசு, பதின்வயது வாசகர்களைச் சட்டென்று உள்ளே இழுத்துவிடும். ஆனால் கதிர் விஷயத்தில் பெரிய பிழை இருக்கிறது, கண்ணு. அவன் திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று பதியப்பட்ட ஆண், என்பதை ஏழாம் அத்தியாயத்துத் திருப்பமாக வைத்திருக்கிறாய். அதுவரை கதைசொல்லியே ‘கதிர் ஓடினாள்’ என்கிறார். அரசின் பதிவேட்டில் உள்ள விகுதியையே நீயும் போட்டால் கதைசொல்லி அந்த அரசின் ஆளாகிவிடுகிறார். முதல் வரியிலிருந்தே ‘ஓடினான்’ என்று எழுது. ‘ஓடினாள்’ சோதனைச்சாவடிக் காவலன் வாயில் மட்டும் வரட்டும். அந்த ஓர் எழுத்திலேயே வாசகருக்குச் சுருக்கென்று தைக்கும்.

அக்வேக்கே எமேஸி 2019இல் எழுதிய ‘பெட்’ நாவலைத் திரும்ப எடுத்துப் பார். அதன் நாயகி ஜாம் திருநங்கை என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. பெற்றோரும் அவளை ஏற்றுக்கொண்டவர்கள். தங்கள் ஊரில் அரக்கர்களே மிச்சமில்லை என்று எல்லோரும் நம்புவதுதான் அங்கே சிக்கல்.

மதியை எழுதுவது இன்னும் கடினம். ஆணுமல்ல, பெண்ணுமல்ல என்று முடிவுசெய்துவிட்டாய். தமிழ் வினைமுற்றோ வாக்கியத்துக்கு வாக்கியம் பால் கேட்கும். விவரணையில் ‘மதி வந்தார்’ சரி. பதினைந்து வயதுத் தோழர்கள் அப்படிப் பேசினால் தலைமையாசிரியரைச் சொல்வதுபோல் இருக்கும். உரையாடலில் ‘மதி வந்தாச்சு’, ‘மதிக்குப் பசிக்குது’, ‘மதிகிட்ட சாவி இருக்கு’ என்று எழுது. எதிலும் பால் தெரியாது. ‘நீ வந்தே’யிலும் தெரியாது. ‘வாடா’, ‘வாடி’ இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். அவற்றைத் தேடித்தேடி நீக்கு.

‘அது’ என்ற சொல்லில் கவனம் வேண்டும். ‘அது பாவம், தூங்கட்டும்’ என்று பாட்டி சொன்னால் செல்லம். காவலன் ‘அது எங்கே?’ என்றால் மதியை அஃறிணையாக்குகிறான். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்குத் தனி விகுதி இல்லை என்ற தொல்காப்பியமே அந்தப் பெயரை உயர்திணையில்தான் வைத்தது. பாட்டி சொல்லும் ‘அது’ முன்னால் வரட்டும். அப்போதுதான் காவலனுடையது வலிக்கும்.

பத்தாம் அத்தியாயத்தில் ஒரு மருத்துவத் தவறு. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி கிடைக்காமல் போனதும் கதிரின் குரல் மெலிகிறது என்கிறாய். ஒருமுறை உடைந்த குரல் மருந்தை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது. ஆனால் நின்றிருந்த மாதவிடாய் திரும்பலாம். ஆண்கள் முகாமில் துணிக்கு அவன் யாரிடம் போய்க் கேட்பான்? அந்தக் காட்சியை முதலில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா