டிம்மில் வந்தும் கண் கூசுகிறது

மதிப்புக்குரிய தமிழ்நாடு போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதமாக எதிரே வருகிறவர்களின் கண்ணைக் கூச வைத்துக்கொண்டு கார் ஓட்டியிருக்கிறேன். எனக்கே தெரியாது.

அறந்தாங்கியிலிருந்து பேராவூரணி வழியாகப் பட்டுக்கோட்டைக்கு வாரம் இரண்டு முறை இரவில் போய் வருவேன். எதிரே வருகிற வண்டிகள் எல்லாம் எனக்கு லைட்டை அடித்து அடித்துக் காட்டின. நானோ டிம்மில்தான் வந்துகொண்டிருந்தேன். கோபம் வந்து, 'பார், இதுதான் பிரைட்' என்று ஒரு தடவை போட்டுக் காட்டுவேன். அவர்களும் பதிலுக்குப் போடுவார்கள். ஒருநாள் ஒரு பைக்காரர் அப்படியே ஓரங்கட்டி, உள்ளங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டார். பின்னால் மனைவி, நடுவில் ஒரு குழந்தை. அன்றைக்குத்தான் உறைத்தது.

மாடு ஒன்று குறுக்கே வந்து உரசியதில் வலப்பக்க பம்பரையும் ஹெட்லைட்டையும் மாற்றியிருந்தேன். மாற்றிய பட்டறையில் ஃபோகஸ் வைத்துப் பார்க்கவே இல்லை. கேட்டதற்கு, "வெளிச்சம் நல்லா தூரமா விழுதுல்ல சார், அப்புறம் என்ன?" என்றார்கள். தூரமாக விழுந்ததுதான் பிரச்சினையே.

நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் காரை நிறுத்தி நானே அளந்தேன். தரை மட்டமாக இருக்க வேண்டும், டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருக்க வேண்டும். மச்சானை உட்கார வைத்தேன். எதிர்ச் சுவர் சரியாக 10 மீட்டர் தள்ளி. என் காரில் விளக்கின் மையம் தரையிலிருந்து 68 செ.மீ. விளக்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் 1% என்று போட்டிருக்கிறது. அதாவது 10 மீட்டருக்கு 10 செ.மீ. வெளிச்சம் இறங்க வேண்டும். ஆகவே 58-ல் கரிக்கோடு போட்டேன். டிம் போட்டதும் இடது விளக்கு வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே, கத்தியால் வெட்டியதுபோல் விழுந்தது. வலது விளக்கின் விளிம்போ 83-ல் நின்றது. இறங்க வேண்டிய வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. அதே கணக்கில் போனால் 55 மீட்டர் தூரத்தில் அது ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். ஏறத்தாழ பைக்கில் வருகிறவரின் கண். அதுவும் வலது விளக்கு, எதிரே வருகிறவர் பக்கம் இருப்பது.

விளக்குக்குப் பின்னால் இருக்கும் திருகை நீள ஸ்குரூ டிரைவரால் திருப்பிச் சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி இதைத்தான் சொல்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கம் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்கக் கூடாது. அங்குலக் கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இதை எப்போது, யார் பார்ப்பது? லாரி, பஸ், டாக்சி என்றால் முதல் 8 ஆண்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. எனும் தகுதிச் சான்று, பிறகு வருடாவருடம். சொந்தக் காருக்குப் பதிவு செய்ததிலிருந்து 15 ஆண்டு கழித்துத்தான். அதற்குள் எத்தனை பம்பர் மாறும், எத்தனை பல்பு மாறும்!

'இரவில் டிம் செய்து ஓட்டுங்கள்' என்று பலகை வைக்கிறோம். முகப்பு விளக்குக்கு நடுவில் திருஷ்டிப் பொட்டு மாதிரி கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். டிம்மே மேலே பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டாலும் பயன் இல்லை.

என் வேண்டுகோள் ஒன்றுதான். சொந்தக் காருக்கும் புகைச் சான்று வாங்கத்தானே வேண்டியிருக்கிறது? அந்த மையங்களிலேயே ஒரு வெள்ளைச் சுவரும் சில கோடுகளும் வைத்து டிம்மின் உயரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 10 மீட்டர் இடமில்லாத மையத்தில் 5 மீட்டர் போதும், 5 செ.மீ. இறக்கம் என்று கணக்கு. புகைக் குழாயையே பார்க்காமல் சான்று தருகிற இடங்களும் உண்டு என்று ஊரில் பேசிக்கொள்வது தெரிந்துதான் கேட்கிறேன். நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து ஏற்றுகிறார்களே, கூடவே சுவரில் விழும் வெளிச்சத்தையும் ஒரு படம் எடுத்தால் ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம்.

இன்னொரு சின்ன விஷயம். பல கார்களில் ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை என்று பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். எண் கூடக்கூட வெளிச்சம் இறங்கும். நான் ஆறு வருடம் அது டாஷ்போர்டு விளக்கைக் கூட்டிக் குறைப்பது என்று நினைத்திருந்தேன். எல்.எல்.ஆர். தேர்வில் இதைப் பற்றி ஒரு கேள்வி சேர்த்தால்கூட நல்லது.

ஹாலஜன் பல்புக்காகச் செய்த விளக்குக்குள் எல்.இ.டி. பல்பை மாட்டிக்கொள்வதைப் பற்றித் தனியாக ஒரு மடலே எழுதலாம். ஒளி பிறக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே அந்த வெட்டுக்கோடு கலைந்து, வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். கடையில் கேட்டால் 'செம பவர் சார்' என்பார்கள், அவ்வளவுதான்.

களத்துச் சுவரில் அந்தக் கரிக்கோடு அப்படியேதான் இருக்கிறது. பக்கத்துத் தெருக் கார் இரண்டும் ஒரு மினி லாரியும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன. அதனதன் விளக்கு உயரத்துக்குத் தக்கபடி கோடு போட்டுப் பார்த்ததில், மூன்றில் இரண்டு கோட்டைத் தாண்டித்தான் அடித்தன. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அறந்தாங்கி பக்கத்திலிருந்து ஒரு கார்க்காரன்