ஏஆர்டி மையத்துக்கு வெளியே இருக்கும் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எச்ஐவி உள்ள எங்களுக்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் வேலை செய்பவர்களுக்கு இதை எழுதவில்லை. அவர்களோடு எனக்கு 20 வருஷப் பழக்கம், சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல்லிக்கொள்வேன். இது அந்த மையத்தைத் தாண்டி இருக்கிற உங்களுக்கு. எலும்பு, கண், பல், பிரசவ வார்டு, ஆபரேஷன் தியேட்டர், தெருமுனை கிளினிக், எல்லோருக்கும்தான்.

எங்கள் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் வேலை பார்த்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்களுக்கு விளங்கும், போர்வெல் போட வெளிமாநிலம் கிளம்பினால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். 2001இல் அவருக்கு விலாவோரம் அக்கி வந்தது. மாமியார் குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய் காவியில் அக்கி எழுதிக் கூட்டி வந்தார், ஆறிவிட்டது. அப்புறம் வாயெல்லாம் வெள்ளைப் படலம், சோறு இறங்காது. அப்புறம் விட்டுவிட்டுக் காய்ச்சல், இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு இளைப்பு. இரண்டு வருஷத்தில் ஐந்து டாக்டர்களைப் பார்த்தோம். ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஒருவர்கூட "ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிப் பார்க்கலாமா" என்று கேட்கவில்லை. டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்ஐவி கிருமி இருப்பதை முதன்முதலில் சென்னையில் கண்டுபிடித்தது 1986இல். அதற்கு 15 வருஷம் கழித்து, முப்பது வயது ஆம்பளைக்கு அக்கியும் வாய்ப்படலமும் காய்ச்சலும் அடுத்தடுத்து வரும்போது யாருக்குமே அது தோன்றவில்லை.

2003இல் டிபி என்று சொன்னபோதுதான் எச்ஐவி இருப்பதும் தெரிந்தது. 40 நாளில் போய்விட்டார். அரசாங்கம் இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1. அந்தத் தேதியை நான் மறக்கவே மாட்டேன்.

2005இல் என்னுடைய சிடி4, அதாவது ரத்தத்தில் நோயை எதிர்க்கும் செல்களின் எண்ணிக்கை, 140. உள்ளூரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து ராத்திரி பஸ் ஏறி தாம்பரம் போய் மருந்தை ஆரம்பித்தேன். அப்போது சிடி4 200க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து, அதுவும் ஸ்டாவுடின் சேர்ந்த கலவை, உள்ளங்கால் எரியும், கன்னம் ஒட்டிப்போகும், கன்னத்தைப் பார்த்தே ஊர் பேசும். இப்போது ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. 2017 முதல் பாசிட்டிவ் என்று தெரிந்ததுமே மருந்து தர வேண்டும் என்றாகிவிட்டது. என்னுடைய வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் கிருமியின் அளவு, பல வருஷமாகக் கண்டறிய முடியாத அளவில்தான் இருக்கிறது.

அதனால்தான் உங்களிடம் வருகிறோம். சாகவில்லை, வயதாகிறது. சர்க்கரை வருகிறது, பித்தப்பையில் கல் வருகிறது, கண்புரை வருகிறது. இதற்கெல்லாம் ஏஆர்டி மையத்தில் வைத்தியம் கிடையாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

2019இல் எனக்கு பித்தப்பை ஆபரேஷனுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் தேதி குறித்தார்கள். என்னைக் கேட்காமலே ரத்தம் சோதித்தார்கள். மறுநாள் கேஸ் ஷீட் மேல் எச்ஐவி என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதி, அதைக் கட்டில் கால்மாட்டில் மாட்டிவிட்டார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாவைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் படித்தார்கள். முதலில் "ஸ்பெஷல் கிட்" என்று கூடுதல் பணம் கேட்டார்கள், சாயங்காலம் "எங்களிடம் வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். என்ன வசதி? எல்லா நோயாளிக்கும் போடும் அதே கையுறைதானே?

நான் வீம்பு பிடித்தவள், வேறு இடம் தேடிப் போனேன். எங்களைப் போல எச்ஐவி உள்ளவர்கள் கூட்டத்தில் இருந்த ஒரு தங்கச்சி அப்படி இல்லை. பிரசவ வார்டில் ஆயாவிலிருந்து நர்ஸ் வரை அவளைத் திட்டியதில் மாமியார் வீட்டுக்கு விஷயம் தெரிந்துபோனது. அதோடு எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று இருந்துவிட்டாள், மாத்திரையும் நின்றது. ஒரு வருஷம் கழித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், டிபி மூளைக்கு ஏறியிருந்தது. அவள் சாவுக்கு எச்ஐவி, டிபி என்று எழுதியிருப்பார்கள். அந்த வார்டை யார் எழுதுவார்கள்?

உங்கள் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை. ஊசி குத்திவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். எச்ஐவி உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றுவது 1000இல் சுமார் 3 தடவை. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி அதைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றும், அதற்கு யாரும் கட்டிலில் சிவப்பு மையில் எழுதிப் பார்த்ததில்லை. குத்திவிட்டால் 2 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட மருந்து இருக்கிறது. பாதுகாப்புப் பொருட்களும் பயிற்சியும் அந்த மருந்தும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்ஐவி சட்டமே சொல்கிறது. அதை உங்கள் நிர்வாகத்திடம் சண்டை போட்டுக் கேளுங்கள், நாங்களும் கூட வந்து கேட்கிறோம். அதே சட்டம்தான் எங்கள் சம்மதமில்லாமல் சோதிக்கக் கூடாது, விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது, இந்தக் காரணத்துக்காக வைத்தியம் மறுக்கக் கூடாது என்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் இடத்தில் அது யார் என்று உங்களுக்காவது தெரியுமா?

இன்னொன்று, இதுதான் எனக்கு ரொம்பக் கவலை. நீங்கள் முகம் சுளித்தால் நாங்கள் மறைப்போம். நானே மறைத்திருக்கிறேன். முட்டி வலிக்குப் போனபோது எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரையை, என் எச்ஐவி மருந்தான டொலுடெக்ராவிர் மாத்திரையோடு சேர்த்து வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படிப் போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. அல்சருக்குக் கொடுக்கும் ஆன்டாசிடும் அப்படித்தான், இடைவெளி விட வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் கொடுத்தால் அளவைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், டிபிக்கு ரிஃபாம்பிசின் கொடுத்தால் டொலுடெக்ராவிர் ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை வேண்டும். எனக்கு நல்ல நேரம், ஏஆர்டி கவுன்சிலர் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். "வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா" என்று கதவைச் சாத்திவிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். போதும், சொல்லிவிடுவோம்.

அப்புறம், அக்கியோடு ஒரு இளவயது ஆள் வந்தால், ஒரு மாதமாகக் காய்ச்சல் என்று வந்தால், டிபி என்று தெரிந்தால், பேசிப் புரியவைத்து, எச்ஐவி பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பி வையுங்கள். பரிசோதனை அங்கே இலவசம். எங்கள் வீட்டுக்காரர் பார்த்த ஐந்து பேரில் ஒருவர் அனுப்பியிருந்தால், டிபியையாவது முன்னாலேயே பிடித்து 2004 வரை இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம் என்று இன்னும் நினைக்கிறேன்.

அடுத்த மாதம் எனக்குக் கண்புரை ஆபரேஷன். இந்தத் தடவை என் எச்ஐவி சிகிச்சை விவரம் எழுதிய ஏஆர்டி பச்சைப் புத்தகத்தை முதலிலேயே டாக்டர் மேசையில் எடுத்து வைக்கப் போகிறேன். இங்கே பெயர் போடவில்லை, மன்னியுங்கள், மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு அம்மா