சப்பர வீதிகளில் மின்கம்பி உயரத்தை அளந்த பிறகே ஊர்வல அனுமதி வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்: கோயில் திருவிழாக்களுக்கு மின்அலங்காரம் செய்யும் வயர்மேன்கள், மேலூர் வட்டாரம்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், மதுரை.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தனர். எங்கள் வட்டாரச் சப்பரங்களும் அப்படிப்பட்ட கம்பிகளுக்கு அடியில்தான் போகின்றன.

தெருவைக் குறுக்கே கடக்கும் 11 கே.வி. (11,000 வோல்ட்) கம்பி தரையிலிருந்து 6.1 மீட்டருக்குக் கீழே இருக்கக் கூடாது என்பது விதி. பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டால் தரை ஏறிவிடுகிறது; சித்திரை, வைகாசி வெயிலில் கம்பியும் தொய்கிறது. டிராக்டர் டிரெய்லரின் தளமே ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். அதன் மேல் பீடம், சாமி, குடை, சீரியல் பல்ப் கட்டிய இரும்புத் தட்டி என்று ஏற்றினால் 5 மீட்டரைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை.

டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கினால் தெருவிளக்கு அணையும், எல்லோரும் கரண்ட் இல்லை என்று நம்பிவிடுவார்கள். மேலே போகும் 11 கே.வி. கம்பியில் மின்சாரம் அப்படியே இருக்கும். அந்தக் கம்பியைக் கவைக்கம்பால் தூக்கிவிடுவது அதைவிட ஆபத்து. மஞ்சள் நீர் தெறித்து நனைந்த மூங்கில் 11,000 வோல்ட்டைத் தடுக்காது.

ஆகவே விழாவுக்கு ஒரு வாரம் முன்பே மின்வாரிய உதவிப் பொறியாளரும் விழாக் குழுவினரும் பாதை முழுவதும் நடந்து, மின்கடத்தா அளவுகோலால் அளக்க வேண்டும். கம்பி மிகத் தாழ்ந்திருக்கும் இடத்தின் அளவில் 1.2 மீட்டரைக் கழித்து, அதற்கு மேல் சப்பரத்தின் உச்சி போகக் கூடாது என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுத வேண்டும். கம்பி விதிப்படி 6.1 மீட்டரில் இருந்தாலே 4.9 மீட்டர்தான் கிடைக்கும். வெறும் உறுதிமொழிக் கடிதம் போதாது.

சொன்ன நேரத்துக்குச் சாமி புறப்படுவதில்லை; பத்து மணி ஊர்வலம் இரண்டு மணிக்கு நகரும். நேரம் குறித்து நிறுத்திய மின்சாரம் அதற்குள் திரும்பிவிடும். ஆகவே எழுத்துப்பூர்வமாக லைன் கிளியர் (கம்பியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டதற்கான மின்வாரிய அனுமதி) வாங்கி, கம்பியை இருபுறமும் எர்த் செய்து, சப்பரம் நிலைக்கு வந்துவிட்டது என்று கையெழுத்திட்ட தகவல் கிடைத்த பிறகே இணைப்பைக் கொடுக்க வேண்டும்.

ஜெனரேட்டரைக் கோயில் வயரிங்கில் மாட்டும்போது மின்வாரியம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயமாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த மின்சாரம் டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேனின் உயிர் போகும். மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் டிரிப்பரும் வேண்டும். ஆனால் ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்காவிட்டால் அந்த டிரிப்பர் விழாது என்பதையும் பார்க்க வேண்டும்.

சப்பரம் கம்பியில் உரசிவிட்டால், இழுப்பவர்கள் தொடாமல் விலக வேண்டும். மேலே இருப்பவர்கள் மின்சாரம் நிற்கும் வரை இறங்கக் கூடாது. ஒரு கால் தரையிலும் ஒரு கை சப்பரத்திலும் இருப்பவருக்கு உயிர் போகும். ஊர்வலம் கிளம்பும் முன் இதை ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்ய வேண்டும்.

கட்சிக் கொடிக்கம்பங்களுக்கும் ஃபிளெக்ஸ் சட்டங்களுக்கும் இதே அளவைக் கட்டாயமாக்க வேண்டும். ஊருக்குள் நாங்கள் சொன்னால் எடுபடாது. தாங்கள் உத்தரவிட்டால் நடக்கும்.

இப்படிக்கு,
மேலூர் வட்டார வயர்மேன்கள்