காற்றில் காய்ந்த பீன்ஸ்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி குறைந்து மறுபடி தோட்டத்தில் இறங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலை மாறிவிட்டாள். இப்போது பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். ரொம்ப வருஷத்துக்குப் பிறகு ராத்திரிச் சாப்பாடு ஒன்றாக உட்கார்ந்துதான்.

சரி, நீ வருத்தப்பட்டு எழுதியிருந்த பீன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். நல்ல வெயிலில்தானே காயவைத்தேன், எல்லாவற்றையும் கொட்டும்படி எப்படிப் பூசணம் பிடித்தது என்று கேட்டிருந்தாய். தட்டில் நெருக்கமாகக் குவித்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். பீன்ஸில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்த ஈரம் காயை விட்டு வெளியே வந்தால் மட்டும் போதாது, அங்கிருந்து விலகிப் போகவும் வேண்டும். அதைக் காற்றுதான் செய்யும். காய்மேல் காய் கிடந்தால் அடியில் உள்ளது புழுங்கிக்கொண்டே இருக்கும். வெயில் நேராகப் பட்டால் இன்னொரு நஷ்டம்: நிறம் வெளிறிவிடும், வைட்டமின்களும் குறையும்.

அதனால்தான் நான் நூலில் கோத்துத் தொங்கவிடுகிறேன். அமெரிக்காவில் அப்பலாச்சியா மலைப்பகுதிக்காரர்களின் பழைய வழி இது. காய்ந்து சுருங்கிய காய்க்கு அங்கே ‘லெதர் பிரிட்சஸ்’ என்று பெயர், அதாவது தோல் கால்சட்டை. ‘ஷக்கி பீன்ஸ்’ என்றும் சொல்வார்கள். திருகுமூடி போட்ட மேசன் ஜாடிக்குக் காப்புரிமை கிடைத்ததே 1858இல்தான். வீட்டில் ஜாடியில் அடைத்து வைக்கும் பழக்கமெல்லாம் அப்புறம் பரவியது. அதுவரை குளிர்காலத்துக்குக் காய் வேண்டுமென்றால் ஊசியும் நூலும்தான் கதி. விதை திரண்ட காயாக அவர்கள் பார்த்து எடுப்பார்கள். வெறும் தோலாக இருக்கும் பிஞ்சு காய்ந்தால் வெந்த பிறகு கடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. இதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

செய்முறை சொல்கிறேன். கழுவித் துடைத்து, இரண்டு முனையையும் கிள்ளி, நாரை முழுசாக உரித்துவிடு. மிச்சம் விட்ட நார் எத்தனை நேரம் வேகவைத்தாலும் பல்லில் மாட்டும். கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு, உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றித் துணியில் ஈரம் போக உலர்த்து. பழைய ஆட்கள் இதைச் செய்ததில்லை. ஆனால் காய்க்குள் இருக்கும் நொதிகள் இதில் அடங்கிவிடும், நிறமும் மணமும் நிற்கும். தடித்த பருத்தி நூலில் காயின் நடுவயிற்றில் ஊசியை ஏற்று. நுனியில் குத்தினால் காய்ந்து சுருங்கும்போது கிழிந்து விழும். காய்க்கும் காய்க்கும் நடுவே விரல் நுழைய இடம் விடு.

நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் கட்டிவிட்டால் அப்புறம் உனக்கு வேலையில்லை. மூன்றாம் நாள் வாடித் துவளும், ஒரு வாரத்தில் முறுக்கிக்கொள்ளும். முழுசாகக் காய எனக்கு மூன்று வாரம் ஆனது. மழை ஈரம் இருந்தால் இன்னும் இழுக்கும். பச்சை போய்ப் பழுப்பேறினால் கெட்டுவிட்டது என்று பயப்படாதே, அது அப்படித்தான். கெட்டதற்கு அடையாளம் பஞ்சு மாதிரிப் படர்வதும் மக்கிய வாடையும். சரத்தை ஆட்டினால் சருகு போலக் கலகலக்க வேண்டும், வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும்.

அதை உடனே டப்பாவில் அடைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி முட்டை இருக்கலாம். இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து எடு. பிறகு ஜாடியில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பார். உள்பக்கம் துளி ஈரம் பூத்தாலும் மறுபடி தொங்கவிடு. நீ கொட்டிய அத்தனையும் இந்த வழியில் காயவைத்திருந்தால் தப்பியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காய்ந்த பீன்ஸை நொறுக்குத்தீனி போல வாயில் போடாதே, குழந்தைகளையும் விடாதே. விதையில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப்பொருள் காய்வதால் போவதில்லை. நன்றாகக் கொதித்தால்தான் போகும். ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் முதலில் தளதளவென்று கொதிக்க விடு. அப்புறம் சிறு தீயில் இரண்டு மூன்று மணி நேரம். உப்பும் கொஞ்சம் கொழுப்பும் போதும். புதுக்காயின் ருசியை இதில் தேடாதே. இது அடர்த்தியான வேறொரு ருசி, கிட்டத்தட்டப் பயறும் காளானும் சேர்ந்தாற்போல. முதல் கவளத்திலேயே உன்னை நினைத்துக்கொண்டேன்.

இதோடு ஒரு முழ நீளச் சரம் வைத்திருக்கிறேன், இரண்டு பேருக்குக் காணும். நூலோடேயே ஊறப் போடு. காய் இளகிய பிறகு உருவினால் நூல் தானாக வந்துவிடும், இப்போதே இழுத்தால் நொறுங்கிவிடும். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எப்படி இருந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி