முருகேசனுக்கு, ஃபைரூஸ் பற்றி

அதிராம்பட்டினம்
12.8.2025

அன்பு முருகேசனுக்கு,

காதர் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டிலும் எல்லோரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். சின்ன மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு நாற்பது நாள். தலை நிறைய முடி. தொட்டிலில் போட்டால் அழுகிறாள், மடியில் போட்டால் தூங்குகிறாள். அதனால் பாதி நாள் என் மடியில்தான். இந்தக் கடிதத்தையும் அவள் தூங்கும் நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

நீ சார்ஜாவிலிருந்து அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். "காதரு, நம்ம காலைப் பாட்டு அம்மாவோட மகன் இறந்துட்டாராம்" என்று சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தியிருந்தாய். லெபனான் பாடகி ஃபைரூஸைத்தான் சொல்கிறாய் என்று உடனே புரிந்தது. மூன்று தடவை கேட்டேன். போனிலேயே பதில் சொல்லத்தான் நினைத்தேன், பேச்சு வரவில்லை. அதான் காகிதத்தை எடுத்துவிட்டேன்.

நீயும் நானும் அந்த ஃபுர்னில், அதான் ரொட்டி சுடும் கடையில், வேலைக்குச் சேர்ந்தது 1993ல். நாலு மணிக்கு எழுந்து போவோம். நீ மாவு மெஷினில், நான் அடுப்பு வாயில். நம் மேஸ்திரி முஅல்லிம் உள்ளே வந்ததும் ஸலாம் சொல்வார், ஏப்ரனைக் கட்டுவார், அடுத்த வேலை டேப் ரெக்கார்டர். அதன் மேல் இரவு முழுக்கப் படிந்த மாவைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு கேசட்டைப் போடுவார். காலையில் வேறு யார் பாட்டையும் போட விடமாட்டார். லெபனானில் பெக்கா பள்ளத்தாக்கில் பிறந்த மனிதர் அல்லவா, அவர்கள் ஊரில் அதுதான் வழக்கமாம். லெபனான், சிரியா, ஜோர்டான் எல்லாவற்றிலும் காலையில் வானொலி ஃபைரூஸைத்தான் போடும். இரவுக்கு எகிப்துப் பாடகி உம்மு குல்தூம்.

அந்த கேசட் அட்டையை நான் எழுத்துக்கூட்டி வாசித்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஃபே, யே, ரே, வாவ், ஸே. சின்ன வயதில் மக்தபில், குர்ஆன் பள்ளியில், ஹஜ்ரத்திடம் ஓதிய புண்ணியத்தில் எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. "ஃபைரூஸ்" என்று சொன்னதும் முஅல்லிம் ரொட்டித் துடுப்பை வைத்துவிட்டு என் தோளைத் தட்டினார். அதற்கப்புறம்தான் எனக்கு ஸாத்தர் மசாலாப் பொடி தடவிய முதல் ரொட்டி தினமும் கிடைத்தது. உனக்கும் பாதி கொடுத்தேன்.

ஊருக்கு வந்தபிறகு கிடைத்த நேரத்தில் அந்த அம்மாவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இங்கே அரபிக் கல்லூரியில் பாடம் சொல்லும் ஒரு ஹஜ்ரத் பாட்டு வரிகளுக்கு அர்த்தம் சொல்லித் தருகிறார். பத்து வருஷம் அர்த்தம் தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தோமே, முருகேசா. தெரிந்துகொண்டதையெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டும்.

ஃபைரூஸ் அவருடைய பிறந்த பெயர் இல்லை. பெற்றவர்கள் வைத்தது நுஹாத் ஹத்தாத். பெய்ரூட்டில் ஸுக்காக் அல்-பலாத் என்ற பழைய பகுதி. கல் பாவிய சந்து என்று அர்த்தமாம். ஒரே அறை வீடு. அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். வீட்டில் வானொலி வாங்க வசதியில்லை. பக்கத்து வீட்டு வானொலியில் வரும் பாட்டை ஜன்னலோரம் நின்று கேட்டு வளர்ந்த பிள்ளை.

பள்ளிக்கூடத்துச் சேர்ந்திசையில் பாடியபோது முஹம்மது ஃபுலைஃபில் என்ற இசை ஆசிரியர் காதில் விழுந்திருக்கிறது. சிரியாவின் தேசிய கீதத்துக்கு மெட்டுப் போட்டவர் அவர். அந்த மனிதர் இந்தக் கிறிஸ்தவப் பிள்ளைக்கு என்ன பயிற்சி கொடுத்தார் தெரியுமா? தஜ்வீத். குர்ஆன் ஓதும் முறை. எந்த எழுத்து தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டும், எது நாக்கு நுனியில் நிற்க வேண்டும், எங்கே மூச்சை நீட்ட வேண்டும் என்ற அந்தக் கணக்கு. இதைப் படித்த அன்று உடனே எழுந்து பழைய பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டேன். ஆமாம், ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் இருக்கிறது. ஐந்து வயதில் பிரம்பு வைத்துக்கொண்டு எங்கள் ஹஜ்ரத் சொல்லிக்கொடுத்த அதே ஐன், அதே ஹே. அந்தக் குரல் மேல் எனக்கு இருந்த ஒட்டுதலுக்கு ஒரு காரணம் அன்று கிடைத்தது.

அப்புறம் லெபனான் வானொலியில் கோரஸ் பாடும் வேலை. அங்கே இசைப் பிரிவில் இருந்த ஹலீம் அல்-ரூமிதான் ஃபைரூஸ் என்று பெயர் வைத்தார். மோதிரத்தில் பதிப்பார்களே, நீலத்தில் பச்சை கலந்த கல், அதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். ஆஸி ரஹ்பானியை அறிமுகப்படுத்தியதும் அவர்தான். ஆஸியும் தம்பி மன்ஸூரும் போலீஸ் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதிக்கொண்டிருந்தவர்கள். 1952ல் 'இத்தாப்' என்ற பாட்டு வந்ததும் அரபு தேசம் முழுக்க ஃபைரூஸ் பெயர் தெரிந்துவிட்டது. 1955ல் ஆஸிக்கும் அவருக்கும் கல்யாணம்.

அடுத்து 1957. பால்பெக். முஅல்லிம் சொல்லும்போதெல்லாம் ஆறு விரலைக் காட்டுவாரே, அந்த ஆறு தூண் கோயில்தான். ரோமானியர்கள் கட்டியது, அவ்வளவு பெரிய கட்டடத்தில் வரிசையாக ஆறு தூண்தான் இன்று நிற்கிறது. அங்கே நடக்கும் இசை விழாவில் அந்த வருஷம்தான் முதன்முதலாக லெபனான் நாட்டுப்புறக் கலைக்கு ஒரு இரவு கொடுத்தார்கள். ஃபைரூஸ் கேட்ட சம்பளம் ஒரு லெபனான் பவுண்டு. அதன்பிறகு அந்தத் தூண்களையும் அவரையும் அந்த ஜனங்கள் பிரித்துப் பேசுவதில்லை.

பாட்டு மட்டும் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். மேடை நாடகங்கள் ஏராளம், சினிமாவும் மூன்று. 1965ல் எகிப்து இயக்குநர் யூஸுஃப் ஷாஹீன் எடுத்த மோதிர வியாபாரி கதை ஒன்று. 1967ல் 'ஸஃபர்பர்லிக்', துருக்கியர் ஆட்சியில் ஊர் ஆண்களைப் பிடித்துக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோன காலத்தைப் பற்றியது. மூன்றாவதுதான் என் மனதுக்குப் பிடித்தது, 1968ல் வந்த 'பின்த் அல்-ஹாரிஸ்'. காவல்காரர் மகள். கதையைக் கேள். ஒரு கிராமத்தில் இரண்டு இரவுக் காவல்காரர்கள். ஊரில் திருட்டே இல்லை, எதற்கு வீண் சம்பளம் என்று இருவரையும் நிறுத்திவிடுகிறார்கள். அதில் ஒருவருடைய மகளாக ஃபைரூஸ். அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டுமே என்று இரவில் முகத்தை மூடிக்கொண்டு ஊரைப் பயமுறுத்தக் கிளம்பிவிடுகிறாள். யாரையும் காயப்படுத்தாத, அப்பா சாப்பாட்டுக்காக மட்டும் திரியும் திருடி. நம் ஊர் டூரிங் டாக்கீஸில் போட்டிருந்தால் ஒரு மாதம் ஓடியிருக்கும்.

நீ அடிக்கடி முணுமுணுப்பாயே, "நஸ்ஸம் அலைனல் ஹவா" என்று, அது இந்தப் படத்துப் பாட்டு. காற்றைப் பார்த்து, என்னை என் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போ என்று கேட்கிறாள். மாவு மெஷின் முன்னால் நின்றுகொண்டு நீ பாடியது அதைத்தான். உன் அம்மா இறந்து லீவு கிடைக்காமல் நீ இருந்த அந்த வாரமும் அதைத்தான் பாடிக்கொண்டிருந்தாய். ஹஜ்ரத் அர்த்தம் சொன்னபோது எனக்கு உன் முகம்தான் வந்தது.

1972 செப்டம்பரில் ஆஸிக்கு மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அடுத்த நாடகத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது. 'அல்-மஹத்தா', ரயில் நிலையம் என்று பெயர். அதுவும் அழகான கதை. தண்டவாளமே இல்லாத உருளைக்கிழங்கு வயலில் ஒரு பெண் வந்து ரயிலுக்காகக் காத்திருக்கிறாள். சிரித்த ஊர் ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நம்பி டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். கடைசியில் ரயில் வந்தே விடுகிறது. எல்லோரும் ஏறிப் போகிறார்கள், அவளிடம் மட்டும் டிக்கெட் இல்லை.

அந்த நாடகத்துக்கு ஒரு பாட்டு வேண்டும். மூத்த மகன் ஸியாத் ஏற்கெனவே ஒரு மெட்டுப் போட்டு வைத்திருக்கிறான், பதினேழு வயது. சித்தப்பா மன்ஸூர் அதற்கு வரிகள் எழுதினார். 'ஸஅலூனின் நாஸ்'. ஜனங்கள் உன்னைப் பற்றி என்னிடம் கேட்டார்கள் என்று ஆரம்பிக்கும். முதல் தடவையாக நாம் சேர்ந்து இல்லையே, பாடுவது கஷ்டமாக இருக்கிறது என்று போகும். யாரைப் பற்றிப் பாடுகிறார் என்று அரங்கில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். நோயில் கிடக்கும் அப்பாவைப் பற்றி, மகன் போட்ட மெட்டில், அம்மா நின்று பாடுகிறார். அவர் பாடும்போது கை அசையாது, முகத்தில் சிரிப்பு இருக்காது, நேராக நிற்பார். பழைய பதிவுகளைப் பார், எல்லாவற்றிலும் அப்படித்தான். சிலர் அதைக் கர்வம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிறைந்த குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பவள் அசைய மாட்டாள் இல்லையா?

தனக்கு என்ன நேர்ந்தது என்று அவர் எங்கேயும் பேசியதில்லை. பேட்டி கொடுப்பது அபூர்வம். புருஷன் எழுதியதை, கொழுந்தன் எழுதியதை, மகன் எழுதியதைப் பாடினார், அவ்வளவுதான். எழுபதுகளின் கடைசியில் ஆஸியும் அவரும் பிரிந்தார்கள். 1986ல் ஆஸி இறந்தார். 1988ல் மகள் லயால் போய்விட்டாள். இன்னொரு மகன் ஹலி சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சலால் முடங்கிப்போனவர், அவரை இந்த அம்மா வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். நாம் ரொட்டி சுட்டுக்கொண்டே அந்தக் குரலைக் கேட்டபோது இதெல்லாம் நடந்து முடிந்திருந்தது, முருகேசா. என்ன நிம்மதியான குரல் என்று நாம் பேசிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1969ல் அல்ஜீரிய அதிபர் பூமெதியன் வந்தபோது அவருக்கு முன்னால் தனியாகப் பாடச் சொன்னார்கள், இவர் மறுத்துவிட்டார். அதற்காக லெபனான் வானொலி ஆறு மாதம் அவர் பாட்டுகளைப் போடவில்லை. ஊருக்காக, ஜனங்களுக்காகப் பாடுவேன், ஆளுக்காகப் பாட மாட்டேன் என்று இருந்துவிட்டார். 1975லிருந்து 1990 வரை உள்நாட்டுப் போர். ஒரே நகரத்தில் இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டார்கள். அவர் நாட்டை விட்டுப் போய்விடவில்லை, எந்தப் பக்கமும் சேரவும் இல்லை. இரண்டு பக்கத்து வானொலியும் காலையில் அவரைத்தான் போட்டன. முஅல்லிம் ஒருநாள் சொன்னது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. பதுங்கு அறையில் படுத்திருக்கும்போது எதிர்ப்பக்க வானொலியிலும் அதே பாட்டு வருமாம், அப்போது மட்டும் அந்தப் பக்கமும் மனுஷர்கள்தான் இருக்கிறார்கள் என்று தோன்றுமாம். சொல்லிவிட்டு ரொட்டியைப் புரட்டப் போய்விட்டார். போர் முடிந்து 1994ல் பெய்ரூட்டின் நடுவில், இடிந்து கிடந்த தியாகிகள் சதுக்கத்தில் ஃபைரூஸ் பாடினார். அன்று முஅல்லிம் கடையை மூடிவிட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தாரே, அந்த நாள்தான்.

ஸியாத்துக்கு வருகிறேன். அப்பா பிரிந்த பிறகு அம்மாவுக்குப் பாட்டுக் கொடுத்தது அவர்தான். 'வஹ்தோன்', 'கீஃபக் இந்தா' எல்லாம் அவருடையது. கிராமம், நிலா, நீரூற்று என்றே பாடிக்கொண்டிருந்த அம்மாவைத் தெருப் பேச்சில் பாடவைத்தார். பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். முஅல்லிமுக்கும் பிடிக்காது, கேசட்டை நிறுத்திவிடுவார். எனக்கென்னவோ 'கீஃபக் இந்தா' கேட்கும்போது தொண்டை அடைக்கிறது. எப்படி இருக்கிறாய், பிள்ளைகள் பிறந்துவிட்டார்களாமே என்று பழைய காதலனைக் கேட்கும் பாட்டு. நடுத்தர வயதுப் பெண் வாயில் அப்படி ஒரு பாட்டை வைக்க யாருக்குத் தைரியம் வரும்? சொந்த மகன் வைத்தார்.

ஜூலை 26ஆம் தேதி ஸியாத் இறந்தார், 69 வயது. ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுபோகும்போது தெரு முழுக்க ஜனம், கைதட்டுகிறார்கள், அழுகிறார்கள், அவருடைய பாட்டையே பாடுகிறார்கள். 28ஆம் தேதி பிக்ஃபையாவில் மாதா கோயிலில் பிரார்த்தனை. மகள் ரீமாவோடு ஃபைரூஸ் வந்தார். எத்தனையோ வருஷமாக வெளியே வராதவர். 90 வயது. கறுப்பு உடுப்பு, தலையில் கறுப்புத் துணி, கறுப்புக் கண்ணாடி. நான் போனில் பார்த்தேன், பேத்தி மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன். ஆட்கள் வரிசையாக வந்து துக்கம் சொல்கிறார்கள். அவர் உட்கார்ந்திருக்கிறார். மேடையில் நின்ற அதே மாதிரிதான், கை அசையவில்லை.

பதினேழு வயதில் அந்தப் பிள்ளை அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்த முதல் மெட்டே பக்கத்தில் இல்லாதவரைப் பற்றியது. அன்றைக்கு அவர் மனதில் அது ஓடியிருக்குமா என்று நினைத்தேன். ஓடாமல் இருந்திருக்காது. என் சம்சாரம் வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். தெரிந்தவர் வீட்டில் மௌத் என்று மட்டும் சொன்னேன். "இன்னா லில்லாஹி" சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

முருகேசா, ஒரு உதவி செய். நாம் வேலை பார்த்த ஃபுர்ன் கைமாறிவிட்டது என்று போன வருஷம் சொன்னாய். இருந்தாலும் ஒருநாள் அந்தப் பக்கம் போய்விட்டு வா. வெயில் ஏறினபிறகு போகாதே, அஞ்சு அஞ்சரைக்குப் போ. உள்ளே இப்போது யார் இருக்கிறார்கள், காலையில் என்ன பாட்டுப் போடுகிறார்கள் என்று பார்த்து எழுது. ஸாத்தர் ரொட்டி இருந்தால் ஒன்று வாங்கிச் சாப்பிடு, என் பங்கையும் சேர்த்து.

குழந்தை முழித்துவிட்டாள். நிறுத்துகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம்.

அன்புடன்,
காதர்