டீக்கெண்டி எடுத்த வாத்தியார்

வலங்கைமான்,
ஐப்பசி 3.

அன்புள்ள சுந்தரம்,

நீ அனுப்பிய 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்' நாவல் வந்து இருபது நாளாகிறது. சம்பா நடவு முடியட்டும் என்று வைத்திருந்தேன். முடிந்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. வாய்க்காலும் வயலும் ஒன்றாகக் கிடக்க, திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்துவிட்டேன்.

வெந்துபோன ஊரை வைத்து ஒருத்தனுக்கு எப்படிக் கேலி வருகிறது என்று கேட்டிருந்தாய். முதல் தடவை எனக்கும் எரிச்சல்தான். ஆனால் இதை எழுதிய அமெரிக்கர் கர்ட் வானகட், 1945 பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு எரித்த அந்த ஜெர்மன் நகரம் டிரெஸ்டனிலேயே போர்க்கைதியாக இருந்தவர். குண்டு விழுந்தபோது பூமிக்கடியில் இறைச்சிக் கிடங்கில் இருந்ததால் பிழைத்தார். மேலே வந்ததும் பிணம் தோண்டும் வேலை. நாவல் வெளிவந்தது 1969இல். அத்தனை வருஷம் எழுத வராமல் திண்டாடியிருக்கிறார்.

முதல் அத்தியாயத்தில் போர்க்காலத் தோழன் வீட்டுக்குப் போகிறாரே, அங்கே வெகுநேரம் நின்றுவிட்டேன். தோழனின் மனைவி மேரி முகங்கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் பொரிந்து தள்ளுகிறாள். அப்போது நீங்கள் எல்லாம் குழந்தைகள், நீ எழுதினால் ஆம்பிளைகளாகக் காட்டுவாய், சினிமாவாக எடுப்பார்கள், பார்க்கிறவனுக்கு யுத்தம் பிடித்துப்போகும், மறுபடி குழந்தைகள் போய்ச் சாவார்கள் என்கிறாள். அவர் அப்படி எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, புத்தகத்தையும் அவளுக்குக் காணிக்கையாக்குகிறார். உன் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. சோகமாக எழுதினால் வீரம் எப்படியாவது உள்ளே நுழைந்துவிடும். கேலியில் அதற்கு உட்கார இடம் கிடைக்காது.

நாவலில் கைதியாக வரும் அந்த வாத்தியார் டெர்பி! நம் வாத்தியார் ஜாதி. ஊரே சாம்பலான பிறகு, இடிபாட்டிலிருந்து ஒரு டீக்கெண்டி எடுத்தார் என்று விசாரித்துச் சுட்டுவிடுகிறார்கள். இத்தனை பேரைக் கொன்றதற்கு விசாரணை கிடையாது, கெண்டிக்கு உண்டு. (நாவலில் வரும் 1,35,000 என்ற சாவுக் கணக்கு தப்பு. டிரெஸ்டன் நகரமே அமைத்த வரலாற்றாளர் குழு அதிகபட்சம் 25,000 என்று 2010இல் சொல்லிவிட்டது. அதனால் கெண்டி விஷயம் ஒன்றும் மாறவில்லை.)

கதாநாயகன் போர்ப்படத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் இடத்தில், குண்டுகள் கீழேயிருந்து எழும்பி விமானத்துக்குள் போய் அடங்குகின்றன. எனக்கு நம்மூர் பாடைக் காவடி ஞாபகம் வந்தது. நோயில் கிடந்து பிழைத்தவன் பாடையில் பிணமாகப் படுத்து, தாரை தப்பட்டையோடு போய், மாரியம்மன் சன்னதியில் விபூதி பட்டதும் எழுந்து உட்காருவானே, அதே மாதிரி. வேற்றுக்கிரகவாசிகள் வரும் பக்கங்கள் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. நீ சண்டைக்கு வருவாய், தெரியும்.

அப்புறம், சைக்கிளில் ஆவூர் பசுபதீஸ்வரர் கோயிலுக்குப் போவோமே. புறநானூற்றில் கோவூர் கிழார் பாடிய ஆவூர் அதுதான் என்கிறார்கள். வெளியே சோழன் நலங்கிள்ளி முற்றுகை, உள்ளே இன்னொரு சோழன் நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு. பாலில்லாமல் குழந்தை அலறுகிறது, பெண்கள் பூவில்லாத வெறுந்தலையை முடிகிறார்கள். அறவன் என்றால் 'உனது' என்று கதவைத் திற, மறவன் என்றால் போருக்குத் திற, இரண்டும் இல்லாமல் மதில் மூலையில் ஒடுங்கிக் கிடப்பது வெட்கம் என்று அரசன் முகத்துக்கு நேரே சொல்கிறார் புலவர். போரே கூடாது என்ற கட்சி இல்லை அவர். ஆனாலும் பசித்த பிள்ளையைக் காட்டிவிட்டுத்தான் ராஜாவைக் குத்துகிறார். மேரிக்கு அவரைப் பிடித்திருக்கும்.

ஒரு தமாஷ். அமெரிக்க மனிதநேயர் சங்கத்தில் அறிவியல் கதை எழுத்தாளர் ஐசக் அசிமோவுக்குப் பின் கௌரவத் தலைவரானவர் வானகட். அசிமோவின் நினைவுக் கூட்டத்தில், "ஐசக் இப்போது சொர்க்கத்தில் இருக்கிறார்" என்றாராம். கடவுள் நம்பிக்கையில்லாத கூட்டம் உருண்டு புரண்டு சிரித்ததாம். உன் பகுத்தறிவு நண்பர்களிடம் சொல்லிப் பார்.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். இவளுக்கு முட்டிவலிதான் விடவில்லை. இங்கே வெடிக்கடைகளில் தீபாவளி வியாபாரம் சூடு பிடித்துவிட்டது. பேரன் கேப் துப்பாக்கி கேட்டான். மேரி சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டும் அவனிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "சரி தாத்தா, எப்போ கடைக்குப் போகலாம்?" என்றான். ரோல் கேப் இரண்டு டப்பாவும் சேர்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பங்குனியில் திருவிழாவுக்கு வா.

உன்,
சேகர்