ரேடியம் முள்ளைச் சுரண்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய ஒரு சிறு கடையில் நாற்பது ஆண்டுகளாகக் கைக்கடிகாரம் பழுதுபார்த்து வருகிறேன். கைபேசி வந்தபின் நலிந்துபோன இத்தொழிலுக்கு, பழைய சாவி கொடுக்கும் கடிகாரங்களைத் தேடிப்பிடித்துக் கட்டும் இளைஞர்களால் சில ஆண்டுகளாக மீண்டும் உயிர் வந்திருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவர்களில் சிலர் இருட்டில் ஒளிரும் பொடியை இணையத்தில் வரவழைத்து, பழைய பூச்சை வீட்டிலேயே சுரண்டிவிட்டு முள்ளுக்கும் டயலுக்கும் புதிதாகப் பூசத் தொடங்கியிருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற மாதம் காட்பாடியிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர், இரண்டாம் உலகப் போருக்குப் போன தம் கொள்ளுத்தாத்தாவின் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். கம்மவான்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்குப் போனவர்கள் உள்ள மாவட்டம் இது. இப்படிப்பட்ட கடிகாரம் பெட்டியடியில் கிடப்பது இங்கே புதிதல்ல. அதன் பெரிய முள் நடுவில் ஓட்டையாய், வெறும் சட்டமாக இருந்தது. சின்ன முள்ளில் பாதிப் பூச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. மீதியை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார். சிவக்க வறுத்த ரவையைப் போலப் பழுப்புத் துகள்கள். படிக்கும் மேசையில், மின்விசிறி ஓட ஓட, பிளேடால் சுரண்டினாராம். நான் பதறியதைப் பார்த்து, "ரேடியம்தானே ஐயா, வண்டியில்கூட ஒட்டுகிறோமே" என்றார்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வண்டி எண் பலகையில் மின்னும் ஸ்டிக்கரையும், அதை வெட்டித் தரும் கடையையும் 'ரேடியம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஸ்டிக்கரில் இம்மியளவும் ரேடியம் கிடையாது. தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது, அவ்வளவுதான். பழைய கடிகார முள்ளில் இருப்பதோ 1898இல் கியூரி தம்பதியர் கண்டறிந்த உண்மையான ரேடியம். அதைத் துத்தநாக சல்பைடுடன் கலந்து பூசினார்கள். ரேடியத்தின் கதிர் ஓயாமல் தாக்குவதால் அந்த உப்பு இரவெல்லாம் ஒளிர்ந்தது. சில பத்தாண்டுகளில் உப்பு தேய்ந்து ஒளி அணைந்துவிடும். ரேடியம் அணையாது. அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். ஆகவே, ஒளிராத முள் செத்துப்போன முள் என்று நினைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. கண்ணாடிக்குள் மூடியிருக்கும்வரை அதன் கதிரில் பெரும்பகுதி வெளியே வராது; தூளாகி மூச்சிலோ வாயிலோ உள்ளே போனால், உடல் அதைச் சுண்ணாம்புச்சத்து என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துக்கொள்கிறது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஆரஞ்சு என்னும் ஊரில், 1917 முதல் டயலுக்கு இப்பூச்சைப் பூசிய இளம்பெண்கள் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். அப்படித்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தாடை எலும்பு அழுகிப் பலர் இறந்தார்கள். வழக்குத் தொடுத்த ஐந்து பெண்களுக்கு 1928இல்தான் இழப்பீடு கிடைத்தது. இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனென்றால், தொழில் பழகிய நாளில் நானும் பழைய பூச்சைச் சுரண்டி வாயால் ஊதியிருக்கிறேன். அதே மேசையில் தூரிகையை உதட்டில் வைத்தும் இருக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல அன்று எவருமில்லை.

1960களில் ரேடியம் மெல்லப் போய், அதைவிட வலுக்குறைந்த கதிரை வீசும் டிரிடியம் வந்தது. டயலில் 6க்குக் கீழே 'டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது. இப்போது விற்கும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பொடியில் கதிர்வீச்சே இல்லை. அதைப் பூசுவது அழகான வேலை, அதைத் தடுக்க நான் எழுதவில்லை. டயலின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து முள்ளைக் கழற்றி, குப்புறக் கிடத்தி, பொடியை வார்னிஷில் தேன் பதத்துக்குக் குழைத்து, எண்ணெய் வைக்கும் ஊசியால் ஒரே சொட்டாகப் பின்பக்கம் இழுத்துவிட்டால், அது தானாகவே சட்டத்தை நிரப்பிக்கொள்ளும். ஒரு நாள் முழுக்க மூடி உலரவிட வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் குழி விழும். ஆனால் இவ்வேலையைப் புது முள்ளில் செய்யுங்கள். 1970க்கு முந்திய கடிகாரம், பழுத்த பூச்சு, முள் நெடுநாள் நின்ற இடத்தில் டயலில் கருகிய தடம் என இவற்றைக் கண்டால், பின்மூடியைக்கூடத் திறக்காதீர்கள்.

பழைய கடிகாரம் விற்பவர்கள், அதன் பூச்சு எத்தகையது என்பதை வாங்குபவரிடம் சொல்லியே விற்க வேண்டும். என்னைப் போன்ற பழுதுபார்ப்போரிடம் சேர்ந்துவிடும் இத்தகைய முட்களையும் துகள்களையும் எங்கே ஒப்படைப்பது என்பதை மாவட்ட நிர்வாகம் அறிவிக்க வேண்டும். குப்பைத் தொட்டியில் போட்டால் அதைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கைக்குத்தான் அது போகும். தங்கள் நாளிதழும் இனி ஸ்டிக்கரைப் பற்றி எழுதும்போது 'ரேடியம்' என்பதைத் தவிர்த்து 'ஒளியைத் திருப்பும் ஸ்டிக்கர்' என்று எழுதினால் பேருதவியாக இருக்கும்.

அந்த மாணவரை வீட்டுக்கு அனுப்பி, மேசையை ஈரத்துணியால் துடைத்து அத்துணியையும் கொண்டுவரச் சொன்னேன். துணி, தீப்பெட்டி, பழைய முட்கள் எல்லாம் இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில், பெயர் எழுதி ஒட்டி, என் கடையின் பின்புற அலமாரியில் இருக்கின்றன. கொடுக்க ஓர் இடம் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்,
வேலூர்.